இரண்டாம் திருத்தத்தைத் தமிழில் எப்படி எழுதுவது? ஒரே வாக்கியம், ரெண்டு நாளாக நகரவில்லை

இருமொழிக்காரி · திங்கள் இரவு 9:40

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கான ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், பல நாட்டு அரசமைப்புகளை ஒப்பிட்டுச் சொல்வது. பக்கக் கணக்கில்தான் கூலி. ஒரே வாக்கியத்தில் ரெண்டு நாள் உட்கார்ந்தால் நஷ்டம் எனக்குத்தான், ஆனாலும் உட்கார்ந்திருக்கிறேன்.

அமெரிக்க அரசமைப்பின் இரண்டாம் திருத்தம். 1791 டிசம்பரில் ஏற்கப்பட்டது, மூலத்தில் மொத்தமே 27 சொல். முன்பாதி மிலிஷியாவைப் பற்றியது, அதாவது ஊர்க்காரர்களே துப்பாக்கியோடு திரண்டு வரும் குடிப்படை. பின்பாதி மக்களின் ஆயுத உரிமையைப் பற்றியது. ரெண்டுக்கும் நடுவில் 'ஆகையால்', 'அதற்காக' என்று ஒரு இணைப்புச் சொல்லும் கிடையாது. என் முதல் முயற்சி இது:

"ஒழுங்குற அமைந்த குடிப்படை ஒரு சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்பதால், படைக்கலங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது."

'என்பதால்' என்று போட்டதுமே, உரிமை குடிப்படைக்காகத்தான் என்னும் கட்சியில் சேர்ந்துவிட்டோமோ என்று உறுத்துகிறது. அதை எடுத்துவிட்டு ரெண்டு வாக்கியமாக வெட்டினால், உரிமை தனி ஆளுக்கு என்னும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிடுகிறேன். அப்புறம், 'நாடு' என்பதா 'மாநிலம்' என்பதா? மூலத்தில் உள்ள சொல் ரெண்டுக்கும் பொருந்தும். யாராவது கை கொடுங்கள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் · திங்கள் இரவு 10:05

அம்மா, 'என்பதால்' வேண்டாம். தமிழில் செயவென் எச்சம் எதற்கு இருக்கிறது? மழை பெய்ய நெல் விளைந்தது என்றால் மழை காரணம். நெல் விளைய மழை பெய்தது என்றால் விளைச்சல் பலன். ஞாயிறு பட வந்தான் என்றால் காரணமும் இல்லை பலனும் இல்லை, பொழுது சாயும் நேரத்தில் ஆள் வந்து சேர்ந்தான், அவ்வளவுதான். ஒரே எச்சம், மூன்று வேலை பார்க்கிறது. "குடிப்படை இன்றியமையாததாய் இருக்க" என்று எழுதிப் பாருங்கள். மூலத்தில் எவ்வளவு குழப்பமோ அவ்வளவும் தமிழிலும் பத்திரமாக இருக்கும்.

கோர்ட்டுப்_பூனை · திங்கள் இரவு 10:31

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு கும்பிடு. அவர் சொன்ன மூன்றில் எது என்பதுதான் 2008இல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடித்துக்கொண்ட விஷயமே.

கதை தெரியாதவர்களுக்கு: வாஷிங்டன் நகரத்தில் 1970களிலிருந்து கைத்துப்பாக்கிக்கு ஏறக்குறைய முழுத் தடை. நீளத் துப்பாக்கி வீட்டில் இருந்தால் தோட்டாவை எடுத்துவிட்டுக் கழற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் விசைக்குப் பூட்டுப் போட வேண்டும். டிக் ஹெல்லர் என்பவர் மத்திய அரசுக் கட்டடம் ஒன்றில் காவல் வேலை பார்த்தவர். வேலை நேரத்தில் இடுப்பில் துப்பாக்கி, வீட்டுக்குப் போனால் கூடாது. விண்ணப்பித்தார், மறுத்தார்கள், வழக்குப் போட்டார்.

நீதிபதி ஸ்கேலியா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு முன்பாதியை முகவுரை என்றது. முகவுரை நோக்கத்தைச் சொல்லும், ஆனால் பின்னால் வரும் உரிமையைச் சுருக்காது. மாறுபட்டு எழுதிய ஸ்டீவன்ஸோ, காரணத்தை முதலிலேயே எழுதிவைத்தவன் சும்மா எழுதியிருப்பானா என்றார், குடிப்படைக்காகத் தந்த உரிமையைக் குடிப்படையோடு சேர்த்தே படி என்றார்.

எங்கள் அடுக்குமாடி வாசலில் ஒரு பலகை உண்டு: "குழந்தைகள் விளையாடுவதால் வண்டியை மெதுவாக ஓட்டவும்." ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு குழந்தையும் இல்லை. அப்போது வேகமாகப் போகலாமா? கூடாது, விதி விதிதான் என்றால் நீங்கள் ஸ்கேலியா. விளையாடும் குழந்தைக்காக வந்த விதி, ஆளில்லாத நேரத்தில் அதற்கு என்ன வேலை என்றால் ஸ்டீவன்ஸ். கடைசியில் இலக்கணத்தால் தீரவில்லை, 5க்கு 4 என்று ஒரு ஓட்டில் தீர்ந்தது.

சும்மா_ஒரு_கேள்வி · திங்கள் இரவு 10:44

சார், ராத்திரி ரெண்டு மணி சரி. அந்தக் குடியிருப்பில் குழந்தைகளே இல்லாமல் போய், எல்லாரும் எழுபது வயதுக்காரர்கள் ஆகிவிட்டால்? இப்போது அமெரிக்காவில் பழைய குடிப்படை எங்கே இருக்கிறது? தேசியக் காவல்படைக்கு அரசாங்கமே துப்பாக்கி தருகிறது. பலகையைக் கழற்ற வேண்டாமா?

கோர்ட்டுப்_பூனை · திங்கள் இரவு 10:52

தம்பி, கழற்றலாம். ஆனால் கழற்றுகிற அதிகாரம் சங்கப் பொதுக்குழுவுக்கு, வாட்ச்மேனுக்கு இல்லை. ஸ்கேலியா தீர்ப்பின் கடைசிப் பத்தியில் கிட்டத்தட்ட இதுதான் இருக்கிறது: திருத்தம் காலாவதியாகிவிட்டது என்று சிலர் நினைக்கலாம், அதைச் செத்துப்போனதாக அறிவிப்பது இந்த நீதிமன்றத்தின் வேலை இல்லை. அரசமைப்பைத் திருத்த வழி இருக்கிறது, போய்த் திருத்துங்கள் என்பது பொருள். (முடியாது என்று அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்ப வேண்டும்.)

'நாடா மாநிலமா' என்பதற்கு: ஸ்கேலியா சுதந்திரமான ஒரு நாடு என்ற பொதுப் பொருளில் படித்தார். மத்திய அரசு எங்கள் குடிப்படையைக் கலைத்துவிடுமோ என்று மாநிலங்கள் பயந்ததற்கு வந்த மருந்துதான் இந்தத் திருத்தம் என்பவர்களுக்கு 'மாநிலம்' இனிக்கும். 'அரசு' என்று போட்டுத் தப்பித்துக்கொள்ளுங்கள் அக்கா.

இருமொழிக்காரி · செவ்வாய் காலை 7:15

'அரசு', சரி. 'இருக்க', அதுவும் சரி. ராத்திரி படுக்கப் போனபோது அடுத்த பேய் வந்தது: 'ஏந்தவும்'.

தமிழில் "அவன் ஆயுதம் ஏந்தினான்" என்று சொன்னால் இடுப்பில் துப்பாக்கியோடு காய்கறி வாங்கப் போனான் என்று யாருக்காவது தோன்றுமா? போருக்குப் போனான், இயக்கத்தில் சேர்ந்தான், அதுதான் பொருள். காய்கறி வாங்கப் போனவனைப் பிடித்தால் போலீஸ் எழுதுவது "ஆயுதம் வைத்திருந்தான்". ஆக 'வைத்திருக்கவும்' வீட்டுச் சொல், 'ஏந்தவும்' படைச் சொல். மூலத்திலும் இந்தப் பிளவு உண்டா, அல்லது நான் தமிழை வைத்து அதிகமாக யோசிக்கிறேனா?

கோர்ட்டுப்_பூனை · செவ்வாய் காலை 8:02

அதிகம் இல்லை, வழக்கின் தொண்டைக்குழியைப் பிடித்துவிட்டீர்கள். ஸ்டீவன்ஸ் சொன்னது இதேதான், அந்தச் சொற்றொடர் அந்தக் காலத்தில் படைச் சேவையைக் குறிக்கும் மரபுத்தொடர் என்று. அவர் கையில் நல்ல சான்று ஒன்று இருந்தது. 1789 ஜூனில் மேடிசன் கொண்டுவந்த முதல் வரைவில் கூடுதலாக ஒரு துண்டு: மத நம்பிக்கையால் ஆயுதம் ஏந்தத் தயங்குபவரை நேரில் படைச் சேவை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது. அங்கே 'ஏந்துதல்' சுத்தமாகப் படைப் பொருள், தயங்குபவர்கள் போரே கூடாது என்னும் குவேக்கர் கிறிஸ்தவர்கள் மாதிரியான ஆட்கள். அந்தத் துண்டு பிறகு செனட்டில் விழுந்துவிட்டது.

ஸ்கேலியாவுக்கும் சான்று உண்டு. 1776 பென்சில்வேனியா அரசமைப்பு, மக்கள் 'தம்மையும் மாநிலத்தையும்' காக்க ஆயுதம் ஏந்தலாம் என்கிறது. தம்மை என்றால் தனி ஆள்தானே என்றார். அதோடு ஸ்டீவன்ஸைக் கிண்டலும் செய்தார். ஒரே செயப்படுபொருள் 'ஆயுதம்', அதற்கு ரெண்டு வினை. ஒரு வினைக்கு நேர்ப்பொருள், இன்னொன்றுக்கு மரபுப்பொருள் என்று எப்படி ஒட்டும்? ஆங்கிலத்தில் செத்துப்போவதற்கு வாளியை உதைத்தான் என்பார்கள் இல்லையா, 'வாளியை நிரப்பி உதைத்தான்' என்று எழுதிவிட்டு நிரப்பிவிட்டுச் செத்தான் என்று படிக்கச் சொல்வது போல இருக்கிறது என்றார். நம் பக்கம் சொல்வதானால், 'சம்பந்தி வீட்டில் கையைக் கழுவி நனைத்தான்' என்று எழுதிவிட்டு, கழுவியது கழுவியதுதான், நனைத்தது மட்டும் சாப்பிட்டது என்பது மாதிரி.

கிண்டல் நன்றாக இருக்கிறது. ஆனால் என் சொந்தக் கருத்தைக் கேட்டால் இந்த ஒரு இடத்தில் ஸ்டீவன்ஸ்தான் மொழியை நன்றாகக் கேட்டவர். அக்கால எழுத்துகளைக் கணினியில் கொட்டித் தேடிய மொழியியலாளர்களுக்கும் பெரும்பாலும் படைப் பொருள்தான் கிடைத்தது.

ஓய்வுபெற்ற_வாத்தியார் · செவ்வாய் காலை 8:20

கை நனைத்த உதாரணம் அருமை. நான் வகுப்பில் இருந்தபோது தோன்றாமல் போய்விட்டதே.

டாலஸ்_மாப்பிள்ளை · செவ்வாய் மாலை 6:48

இங்கே டெக்சஸில் 14 வருஷமாக இருக்கிறேன், நீங்கள் எல்லாரும் 'ஏந்து'வில் நிற்கிறீர்கள், நான் 'மக்கள்' என்ற சொல்லில் மாட்டியவன். யார் அந்த மக்கள்?

துப்பாக்கிக் கடையில் வாங்கப் போனால் ஒரு நீளமான படிவம் தருவார்கள். எந்த நாட்டுக் குடிமகன், எந்த விசா என்று அதில் கேள்வி உண்டு. எங்களை மாதிரி வேலை விசாவில் வந்தவன் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம், வாங்குவது அப்புறம். கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை போய்விடும். நடுவில் ஒரு சந்து இருக்கிறது பாருங்கள், அதுதான் வேடிக்கை: வேட்டை உரிமம் செல்லுபடியாக இருந்தால் வேலை விசாக்காரனும் வைத்திருக்கலாம். என்னோடு வேலை பார்த்த ஒருவர் சுத்த சைவம், முட்டை போட்ட கேக்கைக் கூடத் தொடமாட்டார், அவர் வேட்டை உரிமம் எடுத்தார். எதற்கு என்று கேட்டதற்கு "பயிற்சிக்கு" என்றார். மான் சிரித்திருக்கும்.

இன்னொன்று. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே 21 வயதானவர், வேறு சட்டத் தடை ஏதும் இல்லாவிட்டால், உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். ஆனால் நான் கறிவேப்பிலை வாங்கும் கடைக் கதவில் பெரிய எழுத்தில், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று ஒட்டியிருக்கிறார்கள். எழுத்து ஒரு அங்குல உயரம் இருக்க வேண்டும் என்பது வரை சட்டத்தில் இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புரியவே இல்லை, அரசமைப்பு உரிமையை மளிகைக் கடைக்காரர் எப்படித் தடுக்கிறார்?

கோர்ட்டுப்_பூனை · செவ்வாய் மாலை 7:10

மாப்பிள்ளை, அரசமைப்பு கட்டிப்போடுவது அரசாங்கத்தை, மளிகைக் கடைக்காரரை இல்லை. அவர் இடம், அவர் இஷ்டம். ஹவாய் இதைத் தலைகீழாக்கி, உரிமையாளர் 'கொண்டு வரலாம்' என்று சொன்னால் ஒழியத் தனியார் இடத்துக்குள் துப்பாக்கி கூடாது என்று சட்டம் போட்டது, அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கடையில் பலகை இல்லாவிட்டால் மௌனம் சம்மதமா மறுப்பா என்பதுதான் கேள்வி. வாத்தியாருக்குப் பிடித்த வகையான வழக்கு.

புளியமரத்தடி · செவ்வாய் இரவு 9:30

ரெண்டு நாளாக எச்சம், எழுவாய், செயப்படுபொருள் என்று போகிறது, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'மக்கள்' என்ற சொல்லுக்கு நடந்த வரலாற்றை இன்னும் யாரும் தொடவில்லை, டாலஸ் அண்ணன் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

திருத்தம் வந்த அடுத்த வருஷமே, 1792இல், காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், குடிப்படைச் சட்டம் போட்டது. யார் சேர வேண்டும்? 18 முதல் 45 வயதுக்குட்பட்ட, உடல் வலுவுள்ள, சுதந்திரமான, வெள்ளைக்கார ஆண். அவனே தன் காசில் துப்பாக்கி, கத்திமுனை, ரெண்டு தீக்கல், தோட்டாப் பை, அதில் குறைந்தது 24 தோட்டா வாங்கி வைக்க வேண்டும். பலர் நினைப்பது போல அது சலுகை இல்லை, கடமை.

1857இல், டிரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்ட வழக்கின் தீர்ப்பில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பினத்தவரைக் குடிமக்கள் என்று ஏற்க முடியாது என்பதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கேளுங்கள்: ஏற்றால் அவர்கள் போகும் இடமெல்லாம் ஆயுதம் எடுத்துப்போகும் உரிமை வந்துவிடுமாம். அடிமைமுறை ஒழிந்த 1865லேயே மிசிசிப்பி, விடுதலை பெற்றவர்கள் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. 1873 ஈஸ்டர் அன்று லூசியானாவின் கால்ஃபாக்ஸில் வெள்ளையர் கும்பல் கறுப்பினத்தவரைக் கொன்று குவித்தது. அந்த வழக்கு 1876இல் உச்ச நீதிமன்றம் போனபோது கிடைத்த பதில், இரண்டாம் திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மற்றதை மாநிலத்திடம் கேள் என்பது. மாநிலத்திடம்தானே போயிற்று உயிர்.

அந்தக் கதவு 2010இல்தான் திறந்தது. ஓட்டிஸ் மெக்டொனால்ட், சிகாகோ, எழுபது வயதைத் தாண்டிய கறுப்பினத்தவர், வீட்டில் பலமுறை திருடு போனது, கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள விடு என்று கேட்டார். 14ஆம் திருத்தத்தின் வழியாக இந்த உரிமை மாநிலங்களையும் கட்டும் என்று அதுவும் 5க்கு 4. அதனால் துப்பாக்கி உரிமை என்றாலே தொப்பி போட்ட வெள்ளைக்கார மாமா என்று நினைக்காதீர்கள். அதே நேரம் 1967இல் கறுப்பின உரிமை இயக்கமான கறுஞ்சிறுத்தைகள் தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு கலிபோர்னியா சட்டமன்றத்துக்குள் நடந்து போனதும், பொது இடத்தில் அப்படிக் கொண்டுபோவதைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் ரீகன் கையெழுத்துப் போட்டதும் அதே நாட்டில்தான். 'மக்கள்' என்பதை அப்படியே 'மக்கள்' என்று தமிழில் எழுதுங்கள் அக்கா, வேறு வழி இல்லை, ஆனால் அடிக்குறிப்புக்கு இடம் விடுங்கள்.

இருமொழிக்காரி · செவ்வாய் இரவு 9:58

விடுகிறேன். பக்கக் கணக்கில் கூலி, அடிக்குறிப்பு எனக்கு லாபமும் கூட.

சும்மா_ஒரு_கேள்வி · செவ்வாய் இரவு 10:15

புளியமரம் அக்கா சொன்ன தீக்கல் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். 1791 பொருள்தான் செல்லும் என்றால், 1791 துப்பாக்கிதானே செல்ல வேண்டும்? ஒரு குண்டு, ஒரு மருந்துப் பொட்டலம், இடித்து நிரப்ப அரை நிமிஷம். அப்படி இருந்தால் பிரச்சினையே இல்லையே.

அப்புறம் நம் நாட்டில் இந்த உரிமை ஏன் இல்லை?

கோர்ட்டுப்_பூனை · புதன் காலை 7:50

ரெண்டாவது கேள்விக்குச் சின்ன பதில்: கேட்டார்கள். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் உரிமைப் பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இருந்தது, வெள்ளைக்காரனின் 1878 ஆயுதச் சட்டத்தின் மேல் அவ்வளவு கோபம். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார், தோற்றது. நமக்குக் கிடைத்தது 19ஆவது பிரிவில் 'ஆயுதமின்றி' அமைதியாகக் கூடும் உரிமை. ஒரே சொல், எதிர்த் திசை.

முதல் கேள்வி எல்லாரும் கேட்பது, ஆனால் அது ஓடாது. பேச்சுரிமை செல்போனுக்குப் பொருந்தும்போது இது மட்டும் தீக்கல்லோடு நிற்குமா என்றுதான் ஹெல்லர் கேட்டது. 2016இல் மாசசூசெட்ஸ் பெண்ணின் மின் அதிர்ச்சிக் கருவி வழக்கிலும் அதே பதில். பழைய 1939 மில்லர் வழக்கு வேறு மாதிரிக் கணக்குப் போட்டிருந்தது: குழாயை 18 அங்குலத்துக்குக் குறைவாக வெட்டிய ஷாட்கன் குடிப்படைக்குப் பயன்படும் என்று யாரும் காட்டவில்லை, ஆகவே பாதுகாப்பில்லை. எப்படிக் காட்டுவார்கள்? எதிர்த்தரப்பில் வாதாட வக்கீலே வரவில்லை, தீர்ப்பு வருவதற்குள் மில்லரும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். எழுபது வருஷம் ரெண்டு கட்சியும் மேற்கோள் காட்டிய தீர்ப்பின் லட்சணம் அது.

உண்மையான சிக்கல் 2022 புரூயன் தீர்ப்பில். வெளியே துப்பாக்கி கொண்டுபோகத் தனிப்பட்ட காரணம் காட்டு என்ற நியூயார்க்கின் நூறாண்டுப் பழைய உரிமச் சட்டத்தை 6க்கு 3 என்று தள்ளுபடி செய்தார்கள். அதோடு போகவில்லை, தீர்ப்பை எழுதிய நீதிபதி தாமஸ் ஒரு புது அளவுகோலைத் தந்தார்: இனி எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் வரலாற்று மரபில் இருந்ததா என்று அரசாங்கம் காட்ட வேண்டும். பொதுநன்மையா என்று எடைபோடக் கூடாது. உடனே எல்லா நீதிமன்றத்திலும் தூசி தட்டினார்கள். இங்கிலாந்தின் 1328 நார்த்தாம்ப்டன் சட்டம் வரை போய் அலசியது அந்தத் தீர்ப்பே. அதற்கு முன்பே, ஹெல்லரில் மாறுபட்டு எழுதிய இன்னொரு நீதிபதி பிரேயர் இந்த விளையாட்டைத் திருப்பி ஆடிக் காட்டியிருந்தார்: 1783இல் பாஸ்டனில் தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவரத் தடை இருந்ததே, தீ விபத்துக்குப் பயந்து, அது மரபு இல்லையா என்று.

டாலஸ்_மாப்பிள்ளை · புதன் காலை 8:30

புரூயனுக்குப் பிறகு வந்த வழக்கின் நாயகன் ரஹிமி எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான். அதையும் சொல்லுங்கள் வக்கீல் சார், இல்லாவிட்டால் கதை பாதியில் நிற்கும்.

கோர்ட்டுப்_பூனை · புதன் காலை 9:05

சொல்கிறேன். இந்த ரஹிமி காதலியை அடித்தார், சுடுவேன் என்று மிரட்டினார், நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு போட்டு துப்பாக்கி வைக்கக் கூடாது என்றது. மனிதர் அதற்குப் பிறகும் பல இடங்களில் சுட்டார். ஒரு முறை பர்கர் கடையில் நண்பரின் கடன் அட்டை வேலை செய்யவில்லை என்று வானத்தை நோக்கி. இவர் மேல் வழக்கு வர, 2023இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் புரூயன் அளவுகோலை அப்படியே வைத்துப் பார்த்தது: 1791 காலத்தில் மனைவியை அடித்தவனிடம் துப்பாக்கியைப் பிடுங்கிய சட்டம் உண்டா? இல்லை. அப்படியானால் இந்தச் சட்டம் செல்லாது.

அன்றைக்கு ஏன் இல்லை என்று சொல்லத் தேவையில்லை, மனைவியை அடிப்பதையே பெரிதாக எடுக்காத காலம். இந்த இடத்தில்தான் எனக்கு அந்த அளவுகோலே ஒப்பவில்லை. பழைய ஆட்கள் கண்டுகொள்ளாமல் விட்டதெல்லாம் உரிமை என்று ஆகிவிடுகிறது.

2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்று அதை மாற்றியது. அதே மாதிரிச் சட்டம் அன்று இருந்திருக்க வேண்டியதில்லை, அதன் பின்னால் உள்ள கொள்கை இருந்தால் போதும் என்றார் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். அடுத்தவரை மிரட்டியவனிடம் ஜாமீன் வாங்கும் பழைய சட்டம், ஆயுதத்தோடு ஊரைக் கலங்கடித்தவனைத் தண்டிக்கும் பழைய சட்டம், ரெண்டையும் சேர்த்தால் மரபு ஆயிற்று. தனியாக மறுத்து எழுதியவர் யார் தெரியுமா? புரூயனை எழுதிய அதே தாமஸ். என் அளவுகோலை நீங்களே வளைக்கிறீர்களே என்று. அவர் சொன்னது தர்க்கப்படி சரியாகக் கூட இருக்கலாம், அதுதான் அந்த அளவுகோலுக்கு எதிரான வாதமும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் · புதன் காலை 9:40

காற்புள்ளியை மறந்துவிட்டீர்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய கையெழுத்துப் படியில் மூன்று, வேறு படிகளில் ஒன்றுதான் என்று படித்த நினைவு.

கோர்ட்டுப்_பூனை · புதன் காலை 9:52

சரியான நினைவு ஐயா. ஹெல்லர் மேலே போகும் முன் 2007இல் கீழ் நீதிமன்றம் அந்த ரெண்டாவது காற்புள்ளியைக் காட்டியே முன்பாதி, பின்பாதி என்று பிரித்தது. எழுத்தர் கை நடுங்கிப் போட்டதா, வேண்டுமென்று போட்டதா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

இருமொழிக்காரி · ஞாயிறு மாலை 5:20

முடித்துவிட்டேன். அனுப்பியது இது:

"ஒழுங்குற அமைந்த குடிப்படை ஒரு சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு இன்றியமையாததாய் இருக்க, படைக்கலங்களை வைத்திருக்கவும், ஏந்தவும், மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது."

'மக்கள்' என்பதற்கு அரைப் பக்க அடிக்குறிப்பு. மெய்ப்பு நேற்றுத் திரும்பி வந்தது. மெய்ப்புப் பார்க்கும் பையன் 'ஏந்தவும்' என்பதை அடித்துவிட்டு 'எடுத்துச் செல்லவும்' என்று மாற்றியிருக்கிறான், ஓரத்தில் "எளிய தமிழ்" என்று ஒரு குறிப்பு. ஸ்கேலியா பக்கம் ஓட்டுப் போட்டது அவனுக்கே தெரியாது. திரும்ப 'ஏந்தவும்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். காற்புள்ளியையும் குறைத்திருந்தான், அதை மட்டும் அவன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் · ஞாயிறு மாலை 5:31

எத்தனை மிஞ்சியது?

இருமொழிக்காரி · ஞாயிறு மாலை 5:33

ஒன்று.